நேற்றுக்கு இடமில்லை

செவ்வாய், மாலை ஆறரை. பீட்டர்ஹெட் தேவாலயத்தின் பின்கூடம்.
மீன் ஆலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடேயே வந்துவிட்டார்கள்
எட்டுப் பேர். நாற்காலி ஏழு.
அணைந்த ரேடியேட்டர் மேல் ரிமந்தாஸ்.

பலகையில் எழுதினேன்:
ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர்.
அடுத்த வரியில் ஃபார், சின்ஸ்.
ஹேவ் இருக்கும் வீட்டுக்கு இவர்களெல்லாம் வரலாம்.
யெஸ்டர்டே வரக்கூடாது. லாஸ்ட் வீக் வரவே கூடாது.

ஏன், என்றார் ரிமந்தாஸ்.
நேற்று என்றால் கதவைச் சாத்தியாயிற்று,
ஹேவ் கதவைச் சாத்தாது, என்றேன்.
போன வருஷமும் இதே பதில்தான்.
பழைய கோட்டுப் பையில் கிடக்கும் சில்லறைபோல
கைவிட்டதும் கிடைத்தது.

ஜஸ்ட் எல்லோருக்கும் உடனே புரிந்தது.
இந்த ஊரில் பஸ் எப்போதும்
இப்போதுதான் போயிருக்கும்.
ஆல்ரெடி, சூப்பர்வைசரின் குரலில் வரும்:
ஆல்ரெடி ஏழு நிமிஷம் லேட்.
யெட்டும் அவருடையதே:
இன்னுமா முடியவில்லை?

எவரில் மெப்ராத் சிரித்தாள்.
எப்போதாவது யானைமேல் போயிருக்கிறாயா
என்று கேட்கிறது புத்தகம்.
எப்போதாவது சிறையில் இருந்திருக்கிறாயா
என்று கேட்டாராம் குடியேற்ற அதிகாரி.
அந்த எவரும் இந்த எவரும் ஒன்றா, மிஸ் ரோனா?
ஒன்றுதான், என்றேன்.
இரண்டுக்கும் நெவர் சொல்லலாமா?
இலக்கணப்படி சொல்லலாம்.

பிறகு வரிசையாகக் கேள்விகள்.
எவ்வளவு காலமாக இங்கே வேலை செய்கிறீர்கள்?
எவ்வளவு காலமாக இந்தச் சட்டை உங்களிடம் இருக்கிறது?
ஆறாவது கேள்வி சொலோமியாவுக்கு விழுந்தது.
நான் கொடுக்கவில்லை, வரிசை கொடுத்தது.
எவ்வளவு காலமாக உங்களுக்குத் திருமணமாகியிருக்கிறது?

தாளில் இரண்டு வாக்கியம் எழுதி
என் பக்கம் திருப்பிவைத்தாள்.
ஒன்றில் வாஸ், ஒன்றில் ஹேவ் பீன்.
இரண்டின் முடிவிலும் பதினொரு வருடம்,
அதற்கு முன்னால் ஃபார்.
அது விசுவாசமில்லாத சொல்,
எந்தக் கட்சி கூப்பிட்டாலும் போகும்.
எது சரி?

இரண்டுமே சரி, என்றேன். வாத்தியார் புத்தி.
வாஸ் என்றால் முடிந்துபோனது. விவாகரத்து, இல்லையென்றால்...
மார்க்கரின் மூடியைத் திறந்தேன். மூடினேன்.
இறந்தகாலம்,
அந்தப் பெயரை அன்று பலகையில் எழுதவில்லை.

எங்கள் மொழியில் இந்தத் தொல்லை இல்லை, என்றாள்.
போனவனுக்கும் போயிருக்கிறவனுக்கும் ஒரே வினை.
கேர்சோனில் யாரும் என்னிடம் கேட்கமாட்டார்கள்
இதில் எது என்று.

ஓஸ்தாப்பின் கடைசிக் குறுஞ்செய்தி வந்து
பத்தொன்பது மாதம்.
கைதிகள் பட்டியலில் இல்லை,
மற்றப் பட்டியலிலும் இல்லை.
பஸ் ஸ்டாப்பில் மெப்ராத் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வாஸை அடித்தாள்.
கொஞ்சநேரம் கழித்து மற்றதையும் அடித்தாள்.
பதினொன்று என்று எண்ணிச் சொன்னால்
எண்ணுவதை எங்கோ நிறுத்தியாக வேண்டும்.
சின்ஸ் எழுதினாள். சின்ஸ், ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை.
சின்ஸ் தொடங்கிய நாளை மட்டும்தான் கேட்கும்.

கடைசிப் பத்து நிமிடம் சொந்த வாக்கியங்கள்.
அவள் தாளில் ஒன்றே ஒன்று:
நான் நேற்று அவனோடு பேசியிருக்கிறேன்.
ஹேவும் யெஸ்டர்டேயும்
ஒரே வரியில், பக்கத்துப் பக்கத்தில்.

எடுக்கப்படாத எண்ணுக்கு
இரவில் பேசுகிறாள் போலிருக்கிறது. நான் கேட்கவில்லை.
மே மாதம் தேர்வு.
திருத்துகிறவருக்கு ஓஸ்தாப்பைத் தெரியாது.
சிவப்புப் பேனாவால் நேற்றை அடித்தேன்.
ஹேவை விட்டுவைத்தேன்.
பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.
நன்றி சொல்லவில்லை.

விளக்கை அணைக்கும்போது வாசலிலிருந்து ரிமந்தாஸ் கத்தினார்,
பஸ் இன்னும் போகவில்லை, ஓடி வாருங்கள்.
ஆங்கிலத்தில்தான் கத்தினார்.
யெட் கடைசியில்,
இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.